காயம் ஆறிய பிறகுதான் கஷ்டம் தொடங்கியது

காலை வேளையில் கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயிலுக்குக் காத்து நிற்கும்போது ஒரு பழக்கம் எனக்கு. தலைக்கு மேலே ஓடும் கம்பியை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பேன். அதில் ஓடுவது 25,000 வோல்ட் மின்சாரம். பக்கத்தில் நிற்கும் மாணவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யாராவது என் வலக்கையைக் கவனித்தால் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள், “அண்ணே, பட்டாசா?” என்று கேட்பார்கள்.

பட்டாசு இல்லை. மின்சாரம். எஸ்பிஎம் தேர்வு எழுதி முடித்து, முடிவுக்காகக் காத்திருந்த காலத்தில் செய்த பகுதிநேர வேலையில் நடந்தது. பத்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. இந்த ஆண்டும் தேர்வு முடிந்ததும் நம் பிள்ளைகள் பலர் கடை, பட்டறை, குத்தகையாளர் என்று வேலைக்குக் கிளம்புவார்கள். அவர்களுக்காகவும் அவர்களின் பெற்றோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

ஏணி தொட்டது, நான் தொடவில்லை

2016 ஜனவரி. எனக்கு வயது 17. கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டும் சிறு குத்தகையாளர் ஒருவரிடம் சேர்ந்து மூன்றாவது வாரம். கிள்ளானுக்கு வெளியே ஒரு கடைவரிசையின் பின்புறம், நீட்டி மடக்கும் அலுமினிய ஏணியை நிமிர்த்தி வைக்கச் சொன்னார்கள். வலக்கையில் ஏணி, இடக்கையில் கயிறு. மேலே கம்பி போனது எனக்குத் தெரியும். அதைத் தொடக்கூடாது என்பதும் தெரியும். ஏணியின் நுனி அதற்கு எவ்வளவு அருகில் போய்விட்டது என்பதைத்தான் நான் பார்க்கவில்லை.

ஒரு வெளிச்சம், ஒரு சத்தம். அதற்குப் பிறகு நினைவில்லை. லோரியிலிருந்து பலகை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன்தான் ஓடி வந்தாராம். ஏணி சாய்ந்து கம்பியை விட்டு விலகியிருப்பதைப் பார்த்த பிறகே என்னைத் தொட்டிருக்கிறார். அந்த நிதானம் இல்லாமல் போயிருந்தால் அன்று இரண்டு பேர் விழுந்திருப்போம்.

மருத்துவமனையில் கண் விழித்தபோது எனக்கே வியப்பு. வலது உள்ளங்கையில் கருகிய ஒரு தழும்பு. இடது குதிகாலுக்குப் பக்கத்தில் இன்னொன்று, 50 காசு நாணயம் அளவுதான். “இவ்வளவுதானா?” என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்து போட்டுவிட்டு வந்து நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே நடப்பது என்ன?

படிவம் ஐந்து இயற்பியல் படித்தவர்களுக்கு இது புரியும். மின்னோட்டம் ஒரு தடையின் வழியே பாயும்போது வெப்பம் உண்டாகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாலும் நேரத்தாலும் பெருக்கினால் அந்த வெப்பத்தின் அளவு கிடைக்கும். நம் உடலில் நரம்பும் இரத்தக் குழாயும் தசையும் மின்சாரத்துக்கு எளிதான பாதை. எலும்புக்குத் தடை அதிகம். ஆகவே எலும்பு சூடாகி, அதை ஒட்டிய தசை உள்ளுக்குள்ளேயே வெந்துபோகிறது. கொதிநீர் பட்டால் தோலிலிருந்து உள்நோக்கிச் சுடும். உயர் அழுத்த மின்சாரமோ உள்ளேயிருந்தே சுட்டுவிடும். வெளியே தெரியும் காயத்தை வைத்து உள்ளே எவ்வளவு சேதம் என்று சொல்லிவிட முடியாது.

1,000 வோல்ட்டும் அதற்கு மேலும் உயர் அழுத்தம் என்று மருத்துவர்கள் பிரிக்கிறார்கள். அதற்காக வீட்டு மின்சாரம் சாது என்று எண்ணிவிட வேண்டாம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஈரமான உடலின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் பாயும் மின்னோட்டம் 230 மில்லி ஆம்பியர். இதயத் துடிப்பைத் தாறுமாறாக்க 100 மில்லி ஆம்பியரே போதும். 10, 15 மில்லி ஆம்பியரிலேயே கைத்தசைகள் இறுகிவிடும். விரலை மடக்கும் தசை விரிக்கும் தசையைவிட வலுவானது. அதனால்தான் பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடிவதில்லை.

அன்றிரவே என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளமாகக் கீறித் திறந்துவிட்டார்கள். வெந்த தசை வீங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நின்றுவிடும். கை முழுவதும் செத்துப்போகும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கீறல். சிறுநீர் ‘கொப்பி ஓ’ நிறத்தில் போனது. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொருள் சிறுநீரகத்தை அடைத்துவிடும் என்று பாட்டில் பாட்டிலாக நீர் ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் வலக்கையின் சுண்டு விரலையும் மோதிர விரலையும் எடுத்தார்கள். தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் ஒட்டினார்கள். மொத்தம் ஐந்து அறுவைச் சிகிச்சைகள், 41 நாள் வார்டு வாசம். மார்ச்சில் எஸ்பிஎம் முடிவு வந்தபோது பள்ளிக்குப் போய் அதை வாங்கி வந்தவர் அம்மா.

“அதான் ஆறிடுச்சே!”

வீட்டுக்கு வந்தேன். உறவினர்கள் வந்து பார்த்தார்கள். “உயிர் தப்பிச்சியே, அது போதும். ரெண்டு விரல்தானே” என்றார்கள். ஆறாவது மாதத்தில் தோல் நன்றாக மூடிவிட்டது. “அதான் ஆறிடுச்சே, இன்னும் என்ன?” என்ற கேள்வி அப்போதுதான் தொடங்கியது. என் உடற்குறையும் அப்போதுதான் தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

ஒரு நாள் மாமாக் கடையில் தேத்தண்ணிக் குவளையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். நண்பன் திடீரென்று கத்தினான். சூட்டில் என் விரல் நுனி கொப்பளித்திருந்தது. எனக்கு உணர்வே இல்லை. வெளியுலகச் சூடு தெரியாத அதே கையில், இரவானால் ஊசியால் குத்துவதுபோல் வலி. இல்லாத சுண்டு விரல் அரிக்கும்; சொறிய விரல் இருக்காது. ஒட்டுத்தோலில் வியர்வை வராது. அதனால் வெயிலில் பத்து நிமிடம் நின்றால் அந்த இடம் காந்தும்.

தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கமான கையுறை ஒன்று கொடுத்தார்கள். நாளொன்றுக்கு 23 மணி நேரம் போட வேண்டும். நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு அரிக்கும் என்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கல்யாணத்துக்காகக் கழற்றினேன். மறுபடி போடவில்லை. இயன்முறைச் சிகிச்சைக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. என்னை அழைத்துப்போனால் அவருக்குத் தூக்கம் இல்லை. ஒரு வாரம் விட்டேன், பிறகு ஒரு மாதம், பிறகு முழுவதுமாக. மிச்சமிருந்த மூன்று விரல்களும் மெல்ல மெல்ல உள்பக்கமாக மடங்கிக்கொண்டன. தழும்புத் தோல் சுருங்கும்போது மூட்டையும் சேர்த்து இழுத்துவிடும். இதைத் தடுக்கத்தான் கையுறையும் பயிற்சியும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

கையைவிட அதிகம் பயமுறுத்தியது தலை. ஒரு பக்கம் படித்தால் மேலே என்ன இருந்தது என்று மறந்துவிடும். விளக்கு விசையைத் தட்டும் சத்தத்துக்கே உடல் தூக்கிப்போடும். தம்பியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். “அடிபட்டதிலிருந்து சோம்பேறி ஆயிட்டான்” என்றார்கள். மின் தாக்குதலுக்குப் பிறகு மறதியும் கவனச் சிதறலும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் வரக்கூடும் என்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நரம்புக் கோளாறு மாதங்கள் கழித்தும் தலைகாட்டலாம். கண்ணில் புரை மாதங்களோ வருடங்களோ கழித்து விழலாம். அதனால்தான் இன்றும் நான் கண் பரிசோதனைக்குப் போய் வருகிறேன்.

ஒரு பொய்யின் விலை

விபத்து நடந்த மாலை, முதலாளி அம்மாவைத் தனியாக அழைத்துப் பேசியிருக்கிறார். “வேலையிடத்துல நடந்ததுன்னு சொன்னா கேஸ் ஆயிடும்கா. வீட்டுல நடந்ததுன்னு சொல்லிடுங்க. செலவெல்லாம் நான் பார்த்துக்கிறேன்.” பதறிப் போயிருந்த அம்மா தலையாட்டிவிட்டார். மருத்துவமனைக் குறிப்பிலும் அப்படியே பதிவாகிவிட்டது. முதலாளி இரண்டு முறை பணம் கொடுத்தார். மூன்றாவது முறை அவருடைய கைப்பேசி அடைந்து கிடந்தது.

அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் கொடுத்த விலை பெரிது. 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நாம் சொக்சோ என்று சொல்லும் பெர்கெசோ, வேலையிட விபத்துக்கு இழப்பீடு வழங்குகிறது. வேலைக்கு வைத்தவர் ஊழியரைப் பதிய வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், விடுப்புக் காலத்துக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். உடற்குறை நிரந்தரமானால் மருத்துவ வாரியம் அதை விழுக்காட்டில் கணிக்கும். 20 விழுக்காடு வரை என்றால் ஒரே தொகையாகக் கிடைக்கும். அதற்கு மேல் என்றால், ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு மிச்சத்தை மாதந்தோறும் பெறலாம். இவை எதுவும் எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது ஆண்டில்தான் மனு செய்தோம். ‘வீட்டில் நடந்தது’ என்ற மருத்துவமனைக் குறிப்பு குறுக்கே நின்றது. அன்று லோரியிலிருந்து ஓடி வந்த அதே அண்ணன், வேலையை விட்ட பிறகு, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஒரு வருடத்துக்கு மேல் அலைந்துதான் மனு தேறியது. இன்று வரும் மாதத் தொகை பெரியதல்ல. ஆனாலும் அம்மா இரவு வேலையை விட முடிந்தது.

பிரிக்பீல்ட்ஸில் கிடைத்த கைகுலுக்கல்

மனு செய்யும் துணிச்சல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். விபத்து நடந்து ஒன்றரை ஆண்டு இருக்கும். முதுகுவலிக்காகப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போன மாமாவுடன் துணைக்குப் போனேன். அங்கே பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும் அங்கேதான். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை அந்தத் தெருக்களில் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

மாமாவுக்குப் பிடித்துவிட்ட பெரியவர் என்னிடமும் கை நீட்டினார். வழக்கம்போல் இடக்கையைக் கொடுத்தேன். அவர் விடவில்லை.

“வலது கை எங்க தம்பி?”

கொடுத்தேன். விரல் இல்லாத இடத்தைத் தடவினார். மடங்கிய விரல்களை மெதுவாக நிமிர்த்திப் பார்த்தார்.

“எத்தனை மாசமா தெரபிக்குப் போகல?”

“வருஷமாச்சுங்கய்யா. எனக்கு அதெல்லாம் வேணாம்.”

“எனக்குக் கண்ணு போனப்ப ரெண்டு வருஷம் வீட்டை விட்டு வெளிய வரல. அந்த ரெண்டு வருஷத்த இதுவரைக்கும் யாரும் எனக்குத் திருப்பிக் கொடுக்கல. நீ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. கார்டு எடு. அப்புறம் படி.”

அவ்வளவுதான் சொன்னார். ‘பாவம்’ என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்த ஒருவர் ‘பாவம்’ என்று சொல்லாதது அதுவே முதல் தடவை.

மறுவாரம் போனேன். தழும்பை விடுவிக்க ஓர் அறுவைச் சிகிச்சை, எட்டு மாதம் பயிற்சி. முன்பே ஒழுங்காகக் கையுறை போட்டிருந்தால் அந்த அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டிருக்காது என்று சிகிச்சையாளர் சொன்னார். கோபப்படவில்லை, பேனாவில் பஞ்சு சுற்றித் தடிமனாக்கி எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். மனநல ஆலோசனைக்கும் அனுப்பினார். மறதிக்கு மருந்தைவிடக் குறிப்பேடு உதவியது. இன்றும் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

சமூகநல இலாகாவில் ஓகேயு அட்டைக்கு விண்ணப்பித்தேன். ‘ஊனம்’ என்று முத்திரை குத்திவிடுவார்களே என்று அம்மா அழுதார். உண்மையில் அந்த அட்டைதான் கதவைத் திறந்தது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வியிலும் வேலையிலும் நமக்கு உள்ள உரிமையைச் சொல்கிறது. கணக்கியல் டிப்ளோமாவில் சேர்ந்தேன். தேர்வில் கூடுதல் நேரம் கேட்டேன், கொடுத்தார்கள். இடக்கையால் எழுதப் பழகினேன். வாகனப் பழுதுபார்ப்பு படிக்க வேண்டும் என்பதுதான் என் பழைய ஆசை. அது நிறைவேறவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன்.

இதே விபத்து, வேறு மனிதர்கள்

ராஜஸ்தானின் சூரு மாவட்டத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மரமேறியபோது மின்கம்பியைத் தொட்டு இடக்கையை இழந்தான். அவர்தான் தேவேந்திர ஜஜாரியா. 2004 ஏதன்ஸ் பாராலிம்பிக்கில் ஈட்டி எறிதலில் 62.15 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். அடுத்த இரண்டு பாராலிம்பிக்கிலும் அவருடைய பிரிவுக்குப் போட்டியே இல்லை. 12 ஆண்டு காத்திருந்து 2016 ரியோவில் 63.97 மீட்டர் எறிந்து மறுபடியும் தங்கம். என்னை அதிகம் தொட்டது பதக்கங்கள் அல்ல. இடையில் இருந்த அந்த 12 ஆண்டுகள்.

தமிழ்நாட்டில், திண்டுக்கல் மாவட்டக் கட்டடத் தொழிலாளி ஒருவர் 2015இல் மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்தார். 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டேன்லி அரசு மருத்துவமனையில் அவருக்கு இரு கைகளும் மாற்றிப் பொருத்தப்பட்டன. தமிழ்நாட்டின் முதல் கை மாற்று அறுவைச் சிகிச்சை அது. கை மாற்றியவுடன் விரல் அசைந்துவிடாது. நரம்பு மெல்ல வளர வேண்டும். மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். உடல் அந்தக் கையை நிராகரிக்காமலிருக்க வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும். அங்கேயும் அறுவைச் சிகிச்சை ஒரு தொடக்கம்தான்.

நம் நாட்டிலும் வழிகள் உண்டு. 2012இல் திறக்கப்பட்ட செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. பெர்கெசோ 2007 முதல் ‘வேலைக்குத் திரும்பும் திட்டம்’ ஒன்றை நடத்துகிறது. 2014 முதல் மலாக்காவில் அதற்கென்று ஒரு மறுவாழ்வு மையமும் செயல்படுகிறது. கேட்டுப் போனால்தான் கதவு திறக்கும்.

தம்பி தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்

வேலைக்குச் சேரும் முதல் நாளே, “சொக்சோவில் பதிந்துவிட்டீர்களா?” என்று கேளுங்கள். பகுதிநேரம், பயிற்சி ஊழியர் என்ற பெயரெல்லாம் அதைத் தவிர்க்கக் காரணமாகாது. முதலாளியின் பெயர், முகவரி, சம்பளம் கொடுத்த விவரம் ஆகியவற்றை வீட்டில் எழுதி வையுங்கள்.

மின்கம்பி போகும் இடத்தில் உலோக ஏணி, நீளக் குழாய், கூடாரக் கம்பு எதையும் நிமிர்த்தாதீர்கள். உயர் அழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம். நெருங்கினாலே மின்சாரம் தாவும். வீட்டு இணைப்பு வேலையை எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற ‘பெண்டாவாய்’ செய்யட்டும். அந்தத் தொழில் பிடித்தால் நீங்களே முறையாகப் படித்துச் சான்று வாங்குங்கள், நல்ல தொழில். வீட்டு மின்பெட்டியில் உள்ள மின்கசிவுத் துண்டிப்பானில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விசை விழவில்லை என்றால் உடனே ஆள் கூப்பிடுங்கள்.

யாருக்காவது மின்சாரம் தாக்கினால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். கம்பம், கம்பி சம்பந்தப்பட்டது என்றால் எட்டி நின்று 999ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால், மின்சாரம் நின்றது உறுதியான பிறகு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள். காயத்தில் கிச்சாப்பும் பற்பசையும் பூச வேண்டாம்; ஓடும் குழாய்நீரே போதும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். அங்கே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த முதலாளிக்காகவும் பொய் சொல்லாதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையின் தோல் மூடியதும் சிகிச்சை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கையுறையைக் கழற்றுகிறானா, பாடத்தை மறக்கிறாளா, இரவில் விழித்திருக்கிறானா என்று பாருங்கள். அதைச் சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்றும் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு அதே ரயிலில்தான் போகிறேன். என் கையைப் பார்த்து யாராவது பார்வையைத் திருப்பினால் நானே பேச்சுக் கொடுக்கிறேன். “பட்டாசு இல்ல தம்பி, கரண்ட்” என்று தொடங்கினால், படாங் ஜாவா நிலையம் வருவதற்குள் பாதிக் கதையைச் சொல்லிவிடுவேன். இறங்கும்போது கை நீட்டுவேன், வலக்கையை. இதுவரை ஒருவர்கூடக் குலுக்காமல் போனதில்லை.